'குதித்துப் பார்' என்று எழுதியிருக்கா? ஒரு நிமிஷம் நில்லுங்க! 'எல்டன் ரிங்' குறிப்புகளின் ரகசிய அர்த்தம்

மலை விளிம்பு. கீழே அதலபாதாளம். தரையில் ஒரு கிறுக்கல் மங்கலாக மின்னுகிறது. திறந்தால், 'குதித்துப் பார்' என்ற பொருளில் ஒரு வரி. நம்பிக் குதித்தால் புதையலும் கிடைக்கலாம், உயிரும் போகலாம். என்ன செய்வீங்க?

யார் எழுதுவது?

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஃபேன்டஸி கேம் 'எல்டன் ரிங்'. ஆன்லைனில் ஆடும்போது, மற்ற ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் நம் பாதையில் தோன்றும். ஆனால், இஷ்டத்துக்கு டைப் செய்ய முடியாது. கேம் தரும் வாக்கியங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுத்துக் கோக்க வேண்டும். 2009-ல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். கைவசம் இருப்பது கொஞ்சம் சொற்கள்தான் என்பதால், ஆட்டக்காரர்கள் அவற்றுக்குப் புது அர்த்தம் கொடுத்துவிட்டார்கள்.

சொல் ஒன்று, பொருள் வேறு

* 'முன்னே ரகசிய வழி': கேமில் சில சுவர்கள் மாயச் சுவர்கள். அடித்தால் மறைந்துவிடும். ஆனால், சும்மா இருக்கும் சுவருக்கு முன்னாலும் இதையே எழுதிவைத்து, வருபவர்களை வெட்டியாக வாள் வீச விடுவது ஒரு விளையாட்டு.
* 'நாய்': பெரும்பாலும் பக்கத்தில் நிற்பது ஆமை! யாரோ தொடங்கிய கிண்டல், இப்போது எல்லோருக்கும் புரியும் சங்கேதம். கேமில் பேசும் பெரிய ஆமையான மிரியலும் இதிலிருந்து தப்பவில்லை.
* 'முன்னே பொய்யன்': பக்கத்தில் இருக்கும் குறிப்பை நம்பாதீங்க என்று இன்னொருவர் தரும் எச்சரிக்கை.

எதை நம்புவது?

தரையில் சிவப்பாக ரத்தக்கறை தெரிகிறதா என்று பாருங்கள். அது வேறொரு ஆட்டக்காரர் இறந்த இடம். தொட்டால் அவருடைய கடைசி நொடிகள் நிழலாக ஓடும். 'குதித்துப் பார்' குறிப்பைச் சுற்றி ரத்தக்கறைகள் குவிந்திருந்தால், பதில் கிடைத்துவிட்டது. குறிப்புக்குக் கிடைத்த பாராட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. சிரிக்க வைத்த பொய்க்கும் பாராட்டு விழும்.

அந்தப் பாராட்டு எதற்கு?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒரு குறிப்பைப் பாராட்டினால், அதை எழுதியவர் அப்போது ஆடிக்கொண்டிருந்தால் அவருடைய உயிர்ச்சக்தி ஏறும். ராட்சச எதிரியிடம் அடிவாங்கிச் சாகும் நிலையில் இருப்பவரை, முகம் தெரியாத ஒருவரின் பாராட்டு காப்பாற்றிவிடலாம்.

இந்த கேம்களின் இயக்குநர் ஹிடேடகா மியாசாகி, இதற்கு வித்திட்ட சம்பவத்தை ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய மலைச்சாலையில் கார்கள் ஏற முடியாமல் திணற, பின்னால் வந்த கார்கள் முன்னால் நின்றவற்றைத் தள்ளி மேலே ஏற்றின. இறங்கி நன்றி சொல்ல நின்றால், தன் கார் மறுபடி சிக்கிக்கொள்ளும். கடைசியில் நின்றவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்ற கேள்வி மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது.

அன்று அவரால் சொல்ல முடியாமல் போன நன்றியை, இந்த கேமில் ஒரு பட்டனை அழுத்திச் சொல்லிவிடலாம். அடுத்த முறை ஒரு குறிப்பு உங்களைக் காப்பாற்றினால், பாராட்டாமல் கடந்து போயிடாதீங்க!