காவிரி மின்சாரமும் தட்டி வீடும்

சிவசமுத்திரம் நீர்மின் நிலையம், 1902. தேர்வுக்காக மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரி இது. அந்த மின்சாரம் யாருக்குப் போனது என்று நாம் கேட்டதுண்டா?

குடகு மலையில் பிறக்கும் காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அந்த விசையில் எடுத்த மின்சாரத்தைச் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, முதலில் கோலார் தங்கவயலுக்குத்தான் கொண்டுபோனார்கள். சுரங்கங்களை நடத்தியவை வெள்ளைக்காரக் கம்பெனிகள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தலித் மக்கள். பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பிப் பிழைக்கப் போனவர்கள். தங்கம் பொதிந்த பாறையை மின்சாரம் இடித்துத் தூளாக்கியது. அதை வெட்டி எடுத்தவர்கள் மூங்கில் தட்டி வீடுகளில் முடங்கினார்கள். பாறை வெடித்துச் சரிந்ததில் மாண்டவர்கள் பலர்.

மின்திட்டத்தைத் தொடங்கிய திவான் சேஷாத்ரி ஐயரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது; இருக்கட்டும். நம்மவர் பெயர்கள் எங்கே?

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்களின் குடும்பங்கள் நம் சேரிகளில் உண்டு. மாணவர்களே, பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், இறங்கிய சுரங்கம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.