சொல்லால் வெல்லும் வாட்போர்

கணினித் திரையிலுள்ள பொருள்களைச் சுட்டியால் தொட்டுக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்கள், ஆடுவோரின் சிந்தனைக்கே வேலை தருவன. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரான் கில்பர்ட் தலைமையில் உருவான ‘தி சீக்ரெட் ஆப் மங்கி ஐலண்டு’ இதற்குத் தக்க சான்றாகும்.

அதில் கடற்கொள்ளையனாக விழையும் இளைஞன் வாட்போரில் வெல்வது சொல்லால்தான். எதிரி வசைமொழி கூறுவான். ஏற்ற மறுமொழி கூறினால் வெற்றி நெருங்கும். அறியாவிடில் தோல்வியே. எனினும் ஆட்டம் முடிந்துவிடாது. கேட்ட வசையை அடுத்த எதிரியிடம் கூறி, அவன் தரும் விடையைக் கற்கலாம்.

இப்பயிற்சிக்குப்பின் வாட்போர்த் தலைவி எதிர்ப்படுகிறாள். அவள் கூறும் வசைகள் யாவும் புதியன. அவற்றிற்குரிய விடைகளோ பழையனவே. எவ்விடை எதற்குப் பொருந்தும் என்பதைப் பொருளுணர்ந்தே தேர வேண்டும். மனப்பாடம் செய்தவன் திகைப்பான்; பொருளறிந்தவன் வெல்வான். கற்பிப்போர் கருதத்தக்க அமைப்பு இது.