நஞ்சராயன் குளம்

திருப்பூர் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது பனியன். அவ்வூருக்கு வேறொரு கீர்த்தியும் உண்டென்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவார்களோ? நகரத்துக்கு வடகிழக்கே, கூலிபாளையத்துக்கு அருகில் நஞ்சராயன் குளம் விரிந்து கிடக்கிறது. விஸ்தீரணம் சுமார் 126 ஹெக்டேர். நம் கணக்கில் 310 ஏக்கருக்கு மேல். முற்காலத்தில் இப்பிரதேசத்தை ஆண்ட நஞ்சராயன் என்னும் அரசன் இதைச் செப்பனிட்டதால் இப்பெயர் வந்ததென்பர்.

பனிக்காலத்தில் இங்கே வரும் விருந்தாளிகளைப் பற்றி அவசியம் சொல்லவேண்டும். வரித்தலை வாத்து என்று ஒரு பக்ஷி. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியா, திபெத், லடாக் முதலிய உயர்ந்த பிரதேசங்களில் குஞ்சு பொரித்து, மனிதன் மூச்சுத் திணறும் உயரத்தில் ஹிமாலயத்தைத் தாண்டித் தென்னாட்டுக்கு வருகிறது. கூழைக்கடாவும் நாமக்கோழியும் அதற்குத் துணை. இதுவரை 191 வகைப் பக்ஷிகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் இதைப் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக்கிற்று. 2024 ஆகஸ்டில் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

நிற்க. இவ்வளவு கௌரவம் பெற்ற குளத்துக்கு ஜலம் எங்கிருந்து வருகிறது?

ஆதியில் மழை ஜலத்தை நல்லாறு கொண்டுவந்து சேர்த்தது. கோடையில் குளம் வற்றும். வண்டல் வெயிலில் காயும். குடியானவர்கள் அதை அள்ளி வயலுக்கு உரமாக்குவார்கள். இன்று நல்லாற்றில் இடைவிடாமல் வருவது நகரத்தின் சாக்கடை ஜலம். அதனால்தான் குளம் வற்றுவதில்லை, வற்றாததால்தான் பக்ஷிகள் வருகின்றன என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது பாதி உண்மை. சாக்கடையின் சத்து பாசியையும் ஆகாயத் தாமரையையும் கொழுக்க வைக்கிறது. இரவில் அப்பாசியே நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். நம் வெயிலில் காய்ந்த ஆழமற்ற நீரிலோ பிராணவாயு முதலிலேயே குறைவு. விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மீன் போனால் கூழைக்கடாவுக்கு ஆகாரமேது? கரையோரச் சேற்றில் புழு பொறுக்கும் உள்ளான்களுக்கோ, எப்போதும் நிரம்பிய குளத்தால் பயனில்லை.

சாயப்பட்டறை விஷயம் இன்னும் கடுமையானது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புச் சேர்க்கவேண்டும். சாயம் துணியோடு போகும். உப்பு தண்ணீரோடு போகும். நிறம் மறைந்த பிறகும் உப்பு மறையாது. நல்லாறு சென்று சேரும் நொய்யலில் நடந்ததைப் பாருங்கள்: ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-ல் முடிந்த அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தண்ணீரைத் திறக்கக் கூடாதென்று ஆயக்கட்டுக் குடியானவர்களே கெஞ்சும்படி ஆனது! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்தவைதான் மீண்டும் திறக்கலாயின. பனியன் வியாபாரம் அதனால் அழிந்துவிடவில்லை.

பட்டறைக்குச் சாத்தியமானது வீட்டுச் சாக்கடைக்கு ஏன் சாத்தியமாகாது? சரணாலயத்தின் எல்லை குளத்தோடு முடிகிறது. நல்லாறோ நகரத்தின் நடுவே ஓடுகிறது. கோடை மழையின் முதல் வெள்ளத்தில் ஓடையில் மாதக்கணக்காகத் தேங்கிய அழுக்கெல்லாம் ஒரே மூச்சில் குளத்தில் வந்து விழும். வரித்தலை வாத்துக்கள் அதற்குள் வடக்கே திரும்பியிருக்கும். உள்ளூர் மீன்களுக்கும் நாமக்கோழிகளுக்கும் போக வேறு இடமில்லை.