வளைகாப்புச் சாதம் எதில் பார்சல்? கர்ப்பிணி இருக்கும் வீடு கவனிக்க வேண்டிய பிளாஸ்டிக் விஷயம்

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த ஊரில் வளைகாப்பு என்றாலும் கலவை சாதம் உண்டு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், கூடவே சர்க்கரைப் பொங்கல். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பந்தியில் வாழை இலை. வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளி. இன்று பல இடங்களில் அண்டாவிலிருந்து எடுத்த சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடிவிடுகிறார்கள். டப்பா வசதிதான். ஆனால், சூடும் எண்ணெயும் சேரும்போதுதான் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்கள் உணவுக்குள் எளிதாக இறங்குகின்றன. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் விஷயத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

எந்த ரசாயனங்கள்?

முக்கியமாக இரண்டு. ஒன்று, பி.பி.ஏ. எனப்படும் பிஸ்பீனால் ஏ. கெட்டியான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும், உணவு டின்களின் உட்பூச்சிலும் இது பயன்படுகிறது. இரண்டாவது, தாலேட். பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்குவது இதுதான். வாசனைத் திரவியங்களிலும் சில தாலேட்கள் உண்டு. எல்லா பிளாஸ்டிக்கிலும் இவை இருப்பதில்லை. ஆனால், எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டுமே ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுபவை. பி.பி.ஏ., ஈஸ்ட்ரோஜென் போல நடிக்கிறது. சில தாலேட்கள் ஆண் ஹார்மோனின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. கருவில் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் மிக நுண்ணிய அளவு ஹார்மோன்கள்தான் எல்லாவற்றையும் வழிநடத்துகின்றன. நஞ்சுக்கொடி பல கிருமிகளைத் தடுக்கும். இந்த ரசாயனங்களை முழுமையாகத் தடுப்பதில்லை. பனிக்குட நீரிலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் இவற்றை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் நடந்த 16 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, 6,045 கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு முடிவு 2022-ம் ஆண்டு வெளியானது. சிறுநீரில் சில வகைத் தாலேட்களின் எச்சம் அதிகமாக இருந்தவர்களுக்கு, 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் வாய்ப்பு 12 முதல் 16 சதவிகிதம் வரை கூடுதலாக இருந்தது. இது ஒரு தொடர்புதான்; குறைப்பிரசவத்துக்குத் தாலேட் மட்டுமே காரணம் என்று அர்த்தமில்லை. பிறக்கும் குழந்தையின் எடை குறித்த ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. எனவே பயப்பட வேண்டாம். அதேநேரம், அலட்சியமும் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே பால் புட்டிகளில் பி.பி.ஏ.வைத் தடை செய்தது. ஒருவர் தினமும் உட்கொள்ளக்கூடிய பி.பி.ஏ. அளவை, 2023-ல் அதன் உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது.

நம் ஊரும் இதற்கு வெளியே இல்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியைச் சோதித்து 2014, 2015-ம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆற்று நீரில் பி.பி.ஏ.வும், நீரிலும் வண்டலிலும் தாலேட்களும் பதிவாகியிருக்கின்றன. தூக்கி எறியும் பிளாஸ்டிக் கடைசியில் எங்கே போகிறது என்பதற்கு இது சாட்சி. ஆனால், நம் உடலுக்குள் இவை வரும் முக்கிய வழி உணவுதான். அந்த வழி நம் கையில் இருக்கிறது.

மூன்றே நாளில் மாற்றம்

நல்ல செய்தியும் உண்டு. பி.பி.ஏ.வும் தாலேட்களும் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாள்களில் சிறுநீரில் வெளியேறிவிடும். அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, பிளாஸ்டிக்கும் டின்னும் படாத புதிதாகச் சமைத்த உணவை மூன்று நாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பி.பி.ஏ. சராசரியாக 66 சதவிகிதம் குறைந்தது. ஒரு முக்கியமான தாலேட்டின் எச்சங்களும் பாதிக்கு மேல் குறைந்தன. 2011-ல் வெளியான முடிவு இது. அதாவது, ஆறாம் மாதத்தில் ஆரம்பித்தாலும் பலன் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

* சூடான சாதம், சாம்பார், ரசம் எதையும் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்ற வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் போதும். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் கூடவே கூடாது.
* எண்ணெய், ஊறுகாய், நெய்யைக் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடிக்கு மாற்றுங்கள்.
* தண்ணீர் கேனையும் பாட்டிலையும் வெயிலில் வைக்காதீர்கள். வந்த தண்ணீரை மண்பானையிலோ, எவர்சில்வர் குடத்திலோ ஊற்றி வையுங்கள்.
* அடுப்பு பற்றவைக்க பிளாஸ்டிக் பையைக் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை கர்ப்பிணிக்கும் கருவுக்கும் கெடுதல்.
* பிள்ளை பிறந்த பின், தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க நேர்ந்தால் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது.

வயலுக்கு வரும் டீ

இதெல்லாம் கர்ப்பிணி மட்டும் செய்து முடிக்கிற காரியமில்லை. நடவு வயலில் பதினொரு மணிக்கு வரும் டீயை அவர் வாங்குவதில்லை. யாரோ பிளாஸ்டிக் பையில் கட்டி, கப்போடு கொண்டு வருகிறார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ, பையிலேயே வரப்பு வரை பயணம் செய்கிறது.

காகித கப்பும் தீர்வல்ல. அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம்தான். சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால், 100 மில்லியில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாக ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கும், பிளாஸ்டிக் பூசிய காகித கப்புகளுக்கும் தடை இருக்கிறது. காகித கப் தடை செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் டீக்கடைகளில் அவை தொடர்கின்றன.

வயல்காரர் ஒரு தூக்குவாளியும் பத்து எவர்சில்வர் டம்ளரும் வாங்கி வைத்தால், நடவு முழுக்க அதுவே போதும். வளைகாப்பு வைக்கும் வீட்டார், சமையல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே "பார்சலுக்கு வாழை இலையும் பாக்குமட்டையும்தான்" என்று சொல்லிவிடலாம். இலைக்குக் காவிரிக் கரையில் பஞ்சமில்லை. வாழ்த்த வந்தவர்களில் இன்னொரு கர்ப்பிணியும் இருக்கக்கூடும்; அவர் கைக்குப் போகும் சாதமும் அந்த இலையிலேயே போகட்டும்.