உடம்பில் கொப்புளம் இல்லையா? குழந்தையின் வாயைப் பாருங்க!

2022 மே மாதம். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு சிவப்புக் கொப்புளங்கள் வந்தன. ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயர் வேகமாகப் பரவியது. ஜூலை இறுதிக்குள் 5 வயதுக்கு உட்பட்ட 80-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதிப்பு பதிவானது. தமிழ்நாடு வாளையார் எல்லையில் கண்காணிப்பைத் தொடங்கியது.

தக்காளிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எதுவும் இல்லை. கொப்புளத்தின் நிறமும் வடிவமும்தான் பெயருக்குக் காரணம். கேரளம் சென்று பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளைப் பரிசோதித்தபோது, காக்ஸாகி ஏ16 வைரஸ் இருந்தது தெரியவந்தது. அதாவது, குழந்தைகளுக்குப் பரவலாக வரும் ‘கை, கால், வாய் நோய்’. மாட்டுக்கு வரும் கோமாரி வேறு. அது இந்த நோயைத் தராது.

வாயை ஏன் பார்க்கணும்?

எல்லோரும் தோலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், சில குழந்தைகளுக்குத் தோலில் எதுவுமே வராது. அண்ணத்தின் பின்பகுதியிலும் உள்நாக்கைச் சுற்றியும் மட்டும் சிறு கொப்புளங்கள் வந்து புண்ணாகும். ‘ஹெர்பாஞ்சைனா’ என்று இதற்குப் பெயர். இதே வகை வைரஸ்கள்தான் காரணம். சோறு வேண்டாம் என்று அழுவது, எச்சில் ஒழுகுவது ஆகியவை அறிகுறிகள். ‘சூட்டுப் புண்தான், சரியாயிடும்’ என்று விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது.

பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே சரியாகிவிடும். ஆபத்து எங்கே என்றால், வலிக்குப் பயந்து குழந்தை தண்ணீரே குடிக்காமல் இருப்பதில்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* இளநீர், ஆறிய கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.
* காரம், புளிப்பு, சூடான உணவு வேண்டாம்.
* ஆஸ்பிரின் கூடாது. வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.
* டயபர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மலத்தில் வைரஸ் பல வாரங்கள் இருக்கும்.

எப்போது உடனே கிளம்பணும்?

6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, விடாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குடுமியான்மலை போன்ற ஊர்களில் இருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவே நேரம் எடுக்கும். அதனால், இரவில் பேருந்துக்காக விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.