அமெரிக்கக் குடும்பத்தில் நாயின் ஸ்தானம்

அமெரிக்க ஐக்கிய நாட்டு மத்தியதர வகுப்பினரின் வீடுகளில் நாய் இன்று பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது. அதற்குப் பெயர் உண்டு, படுக்கை உண்டு, வைத்தியரும் உண்டு. இது அந்த ஜனங்களின் பிறவிக் குணம் என்று நம்மவரில் சிலர் எண்ணுவதுண்டு. சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை.

1869-ம் வருஷம் மிஸௌரி ராஜ்யத்தில் ஒரு குடியானவரின் வேட்டை நாய் சுட்டுக் கொல்லப்பட்டது. ஆடுகளை நாய்களுக்குப் பறிகொடுத்துக் கோபங்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1870-ல் வாரன்ஸ்பர்க் நகரத்துக் கோர்ட்டில் ஜார்ஜ் கிரகாம் வெஸ்ட் என்னும் வக்கீல், சாட்சியங்களை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் கைவிட்ட பின்னும் எஜமானனைக் கைவிடாத நாயின் விசுவாசத்தைப் பற்றியே பேசினார். ஜூரிகள் உருகினர், 50 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் சட்டம் உருகவில்லை. நாய் குறைபாடுள்ள ஒருவகைச் சொத்தேயன்றி, மாட்டையும் குதிரையையும் போன்ற பூரணமான சொத்து அன்று என்று 1897-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

நகரங்களின் கதை இன்னும் விசித்திரமானது. 1877-ம் வருஷம் மே மாதத்தில் நியூயார்க்கில் வெஸ்ட்மின்ஸ்டர் சங்கத்தார் முதலாவது நாய்க் கண்காட்சியை நடத்தினர். உயர்ந்த ஜாதி நாய்கள் ஆயிரத்துக்கு மேல் வந்து நின்றன. கனவான்களும் சீமாட்டிகளும் கூடிக் களித்தனர். அதே வருஷம், அதே நகரில், ஜூலை மாதத்தில் ஒரே நாளில் 700-க்கு மேற்பட்ட தெரு நாய்களை நகர ஊழியர்கள் இரும்புக் கூண்டிலடைத்துக் கிழக்கு ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். ஜீவஹிம்சையைத் தடுக்க ஹென்றி பெர்க் 1866-லேயே ஸ்தாபித்த சங்கம், 1894-ல் இவ்வேலையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. அப்புறம் கொல்லும் முறை மாறிற்றேயன்றிக் கொலை நிற்கவில்லை. லைசென்ஸும் எஜமானனும் உள்ள நாய்க்கு வாழ்வு, இல்லாததற்குச் சாவு. வீட்டு நாய் என்ற கௌரவம் இவ்விதமாகத்தான் பிறந்தது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஓஹையோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட், இங்கிலாந்து சென்று நாய்களுக்கென்றே பிஸ்கோத்துச் செய்து விற்றார். மோட்டார் வண்டி பெருகவே, வேலையிழந்த குதிரைகளின் மாமிசம் 1922 முதல் டப்பாக்களில் அடைபட்டு நாய்களின் ஆகாரமாயிற்று. குதிரைகளை நம்பிப் பிழைத்த கால்நடை வைத்தியர்களும் மெல்ல நாயின் பக்கம் திரும்பினர். உலக யுத்தத்தில் தகரம் ராணுவத்துக்குப் போய்விட்டபோது உலர்ந்த தீனி டப்பாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1942 முதல் சாதாரணக் குடும்பத்தார் தங்கள் நாய்களையே ராணுவத்துக்குக் கொடுத்தனர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்தபின், நகரத்துக்கு வெளியே புல்தரையோடு கூடிய சிறு வீடுகள் லக்ஷக்கணக்கில் எழும்பின. தம்பதிகள், பிள்ளைகள், மோட்டார் வண்டி, நாய் என்பதே நற்குடும்பத்தின் சித்திரமாயிற்று. 1954-ல் தொடங்கிய 'லாஸி' என்னும் டெலிவிஷன் தொடர் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. இந்தச் சித்திரத்தில் இடம்பெறாதவர்களும் உண்டு. 1947-ல் நியூயார்க்குக்கு அருகே கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் வெள்ளையரல்லாதார் வசிக்கக்கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 1963 மே மாதம், பர்மிங்ஹாம் நகரில் சம உரிமை கோரி ஊர்வலம் சென்ற கறுப்பர்மீது, சிறுவர்களென்றும் பாராமல், போலீஸார் நாய்களை ஏவினர். 'லாஸி' ஓடிய அதே வருஷங்கள்தான் இவையும்!

2020-ல் வளர்ப்புப் பிராணிகளுக்காக அமெரிக்கர் செலவிட்டது 10,000 கோடி டாலருக்கு மேல். எனினும் நாயன்பு காசுள்ளவரின் தனிச் சொத்தன்று. 2005-ல் கத்ரீனாப் புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நாயை விட்டுவிட்டு வா என்று மீட்க வந்தவர்கள் சொன்னதால் பலர் வரமறுத்து வீட்டிலேயே தங்கிவிட்டனர். அவர்களில் ஏழைகளும் இருந்தனர். சிலர் மாண்டும் போயினர். அடுத்த வருஷமே காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றிற்று: மத்திய சர்க்காரின் உதவியை விரும்பும் ராஜ்யங்கள், ஆபத்துக் காலத்தில் ஜனங்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடுகளில் அவர்களுடைய வீட்டுப் பிராணிகளுக்கும் வழி செய்யவேண்டும்.