பம்ப்பை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்… பழைய டிராக்டர் லோடரின் ஹைட்ராலிக் கோளாறுகள்!

எருக்குழியில் எரு அள்ளுவது, வண்டல் மண் ஏற்றுவது, பம்ப்செட் மேடு சமன் செய்வது என்று பத்து ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்கிறது முன்பக்க லோடர். புதிதாக வாங்க முடியாதவர்கள், பழைய டிராக்டரில் பழைய லோடரை மாட்டி ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டும் வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது.

'எங்களிடம் 22 வருடப் பழைய 35 ஹெச்.பி டிராக்டர் இருக்கிறது. அதில் பழைய லோடர் வாங்கி மாட்டியிருக்கிறோம். காலையில் நன்றாகத் தூக்குகிறது. வெயில் ஏறியதும் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது. தூக்கிய பக்கெட்டும் நிற்காமல் மெள்ள இறங்குகிறது. அது இறங்காமல் இருக்க, என் மகன் கீழே நின்று மரக்கட்டை கொடுக்கிறான். மெக்கானிக் பார்த்துவிட்டு, பம்ப், சிலிண்டர் சீல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?'

முதல் பதில், பம்ப் பற்றியது அல்ல. இன்றிலிருந்து உங்கள் மகன் அந்தப் பக்கெட்டுக்குக் கீழே போகக் கூடாது. மெள்ள இறங்கும் பக்கெட், எப்போதும் மெள்ளத்தான் இறங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் கீழே வந்துவிடும். கையில் பிடிக்கும் மரக்கட்டை அதைத் தாங்காது. கோளாறு சரியாகும் வரை, வேலை இல்லாத நேரத்தில் பக்கெட் தரையில்தான் இருக்க வேண்டும்.

இனி கோளாறுக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்னைகள். ஒன்று, தூக்கும் பலம் குறைவது. மற்றொன்று, தூக்கியது நிற்காதது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத செலவுதான் மிஞ்சும்.

செலவில்லாத சோதனைகள் முதலில்!

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள். பக்கெட் மேலே இருக்கும்போது அளவு பார்த்து ஆயில் ஊற்றினால், இறக்கும்போது டேங்க் நிரம்பி வழியும்.

அடுத்து, வேலை முடிந்த கையோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயிலைப் பிடித்து வையுங்கள். நுரையோடு வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டால், எங்கோ காற்று இழுக்கிறது. மோர் போலக் கலங்கியே இருந்தாலோ, மறுநாள் அடியில் தண்ணீர் தங்கினாலோ, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை முழுவதுமாக மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, சக்ஷன் ஃபில்டர். டேங்கிலிருந்து பம்ப்புக்கு ஆயில் போகும் வழியில் உள்ள சல்லடை இது. பம்ப் 'வீல்… வீல்…' என்று கத்தினால் முதலில் இதைக் கழற்றிப் பாருங்கள். ஒரு செங்கல் சூளை வண்டிக்கு இரண்டு முறை பம்ப் மாற்றிய பிறகு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். சல்லடையில் காட்டன் வேஸ்ட் நூலும், கேஸ்கட் ஒட்டப் பயன்படும் பசையும் அடைத்திருந்தன. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் போட்டதும் வண்டி தூக்கியது. அடைத்த சல்லடையோடு ஓடினால் புது பம்ப்பும் ஆயில் கிடைக்காமல் தேய்ந்துதான் போகும்.

சக்ஷன் ஹோஸில் இன்னொரு சங்கதி உண்டு. அது ஆயிலை உறிஞ்சும் குழாய் என்பதால், ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கலாம். இணைப்புகளைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் கோளாறு அங்கேதான்.

கடிகாரம் சொல்லும் உண்மை

காலையில், காலி பக்கெட்டைத் தரையிலிருந்து உச்சிக்குத் தூக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெயில் ஏறி, ஆயில் சூடான பிறகு, அதே இன்ஜின் வேகத்தில் மறுபடி பாருங்கள்.

காலி பக்கெட் இரண்டு வேளையும் ஒரே வேகத்தில் ஏறி, பாரம் வைத்தால் மட்டும் நின்றுவிட்டால், ரிலீஃப் வால்வைச் சந்தேகப்படலாம். அதில் தூசி சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். காலி பக்கெட்டே தாமதமாக ஏறி, சக்ஷன் பக்கம் எல்லாம் சரியாக இருந்தால், பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடைவெளிகள் வழியாகத் திரும்பி ஓடிவிடும். காலையில் நன்றாக இருந்து மதியம் படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம். தவறான, மிக இளகிய ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே அறிகுறி வரும். அதனால், கையேட்டில் சொன்ன ஆயில்தான் உள்ளே இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு பம்ப்பில் கை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ரிலீஃப் வால்வு ஸ்குரூவை ரெண்டு சுத்து இறுக்குங்க, தூக்கிடும்' என்று சிலர் சொல்வார்கள். பிரஷர் கேஜ் மாட்டாமல் அதைத் தொடாதீர்கள். அளவுக்கு மீறிய அழுத்தம் ஹோஸை வெடிக்க வைக்கும், பம்ப்பை உடைக்கும்.

இறங்குகிறதா? சீல் மட்டுமே காரணம் அல்ல!

தூக்கிய கை இறங்கினால், பெரும்பாலானவர்கள் சிலிண்டர் சீலைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். லீவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டரின் இரண்டு வழிகளும் கண்ட்ரோல் வால்வில் மூடப்பட்டிருக்கும். பிஸ்டன் சீல் கிழிந்து, அடிப்பக்க ஆயில் தண்டுப் பக்கம் போனாலும், தண்டு இருக்கும் இடம் போக அங்கே இடம் குறைவு. மிச்ச ஆயில் எங்காவது வெளியேறினால்தான் கை இறங்க முடியும். வெளியே ஆயில் கசியவில்லை என்றால், அந்த வழி தேய்ந்த வால்வு ஸ்பூல்தான். எனவே, கை இறங்கினால் வால்வை முதலில் பாருங்கள்.

பக்கெட்டின் வாய் மட்டும் தானாகக் கவிழ்ந்தால் கதை வேறு. பெரும்பாலான லோடர்களில் அப்போது பாரம், சிலிண்டர் தண்டை வெளியே இழுக்கிறது. அந்த நிலையில் பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலே தண்டு நகர்ந்துவிடும். அங்கே சீலையும் வால்வையும் சேர்த்தே சந்தேகப்படலாம்.

சீல் போய்விட்டதா என்பதைப் பட்டறையில் உறுதி செய்யலாம். தண்டு முனையின் பின்னைக் கழற்றி, சிலிண்டரை முழுவதும் நீட்டி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி அதன் முனையை அடைக்க வேண்டும். பிறகு அடிப்பக்கம் மெள்ள அழுத்தம் கொடுத்தால், திறந்த வழியில் ஆயில் தொடர்ந்து வந்தால் சீல் போய்விட்டது. மாற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சிலிண்டர் வாயில் தண்டைச் சுற்றி ஆயில் வழிந்தால், அது வெளிப்பக்க சீல். தண்டில் கீறல் இருக்கிறதா என்று, இன்ஜினை நிறுத்திவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால், தண்டைச் சரிசெய்யாமல் போடும் புது சீல் சீக்கிரமே கிழிந்துவிடும்.

கையால் லீக் தேடாதீர்கள்!

ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில், கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். லீக் தேட அட்டையைப் பயன்படுத்துங்கள். ஆயில் தோலைத் துளைத்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும், முள் குத்தியது போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மணி நேரத் தாமதம் விரலையே இழக்கச் செய்யலாம்.

எந்த ஹோஸைக் கழற்றும் முன்பும் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

மேலும் சில கேள்விகள்

*லீவரை மேலே தள்ளியதும் பக்கெட் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறுகிறது. ஏன்?*

கண்ட்ரோல் வால்வுக்குள் பாரம் பின்னால் இறங்காமல் தடுக்கும் செக் வால்வு ஒன்று உண்டு. அதில் தூசி சிக்கினாலோ, தேய்ந்தாலோ இப்படி ஆகும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

*கிளட்சை மிதித்தால் லோடர் நின்றுவிடுகிறதே?*

ஃபெர்குசன் முறையில் வந்த பழைய வண்டிகளில் பம்ப் பின்பக்க ஹவுசிங்குக்குள், பி.டி.ஓ ஓட்டத்தில் இயங்கும். ஒற்றைக் கிளட்ச் உள்ளவற்றில் மிதித்தால் பம்ப்பும் நிற்கும். இது கோளாறு அல்ல.

*வடித்தெடுத்த இன்ஜின் ஆயிலை ஊற்றலாமா?*

கூடவே கூடாது. அதிலுள்ள கரியும் இரும்புத் துகளும் பம்ப்பையும் வால்வையும் அரித்துவிடும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு… ஆயில், சல்லடை, கடிகாரச் சோதனை, ரிலீஃப் வால்வு, பம்ப் என்ற வரிசையில் போங்கள். இறங்கும் கைக்கு வால்வு முதலில், சீல் பிறகு. ஒருவேளை கடைசியில் பம்ப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கலாம். அப்போதும், சுத்தமான ஆயிலும் சல்லடையும் இருப்பதால் அது நீண்ட நாள் உழைக்கும். மகனை மட்டும் இன்றே பக்கெட்டுக்கு அடியிலிருந்து வெளியே கூப்பிட்டுவிடுங்கள்.